கட்டத்துக்குள் அடங்காத புளியமரம்

1

அயர்லாந்துக்கு வந்து இருபத்திரண்டு வருடம் முடிந்த சனிக்கிழமை, காலை எட்டு மணிக்கு, என் மகள் கயல் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். வெளியே இந்த ஊரின் வழக்கமான மழை. பெய்கிறதா, நின்றுவிட்டதா என்று அதற்கே தெரியாத மழை. கணவர் ரவி வருடா வருடம் வாங்கும் அதே எலுமிச்சை கேக்கை மேசையில் வைத்துவிட்டுப் பேருந்து ஓட்டப் போயிருந்தார். நான் ஒரு துண்டை வெட்டிக்கொண்டு போனைத் திறந்தேன்.

படத்தில் எங்கள் ஊர் சமுதாயக்கூடம் இருந்தது. ஜவ்வாது மலைமேல், ஜமுனாமரத்தூரிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் உள்ளே இருக்கும் நான் பிறந்த ஊர். கூடத்தின் முன்சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ். அதில் ஊரின் வரைபடம். வீடுகளுக்கு நீலப் புள்ளி, கிணறுகளுக்குக் கறுப்பு, மரங்களுக்குப் பச்சை. ஒவ்வொரு புள்ளிக்குப் பக்கத்திலும் ஓர் ஆள் பெயர். “பாத்தியாம்மா? நாங்க பண்ணது!” என்று எழுதி மூன்று கைதட்டல் பொம்மைகளையும் போட்டிருந்தாள். நிலைத்த மேம்பாட்டைப் படிக்க அங்கே போன பிள்ளைகள் முதல் வேலையாக மலையிறங்கி ஆலங்காயம் போய் பிளாஸ்டிக் ஃப்ளெக்ஸ் அடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது.

இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினேன். எங்கள் வீட்டைப் பார்த்தேன். ஓடையைப் பார்த்தேன். ஓடைக்கு மேற்கே, சாமை விதைக்கும் கொல்லையின் நடுவில், எங்கள் புளியமரத்துக்கும் ஒரு பச்சைப் புள்ளி வைத்திருந்தார்கள். பக்கத்தில் எழுதியிருந்த பெயர் கோவிந்தசாமி.

அந்த மரம் கோவிந்தசாமியுடையது இல்லை. அது என் தங்கை ராணியுடையது. கேக்கை அப்படியே வைத்துவிட்டேன்.

2

கயலுக்கு இருபது வயது. பிறந்ததும் வளர்ந்ததும் இங்கேதான். நான் மருத்துவமனையில் செவிலி. பன்னிரண்டு மணி நேர ஷிப்டின் கஷ்டம் தெரிந்தவள் என்பதால் அவளாவது மருந்தியல் படிக்கட்டும் என்று நினைத்தேன். அவள் ‘நிலைத்த சமூக மேம்பாடு’ என்ற பட்டப்படிப்பில் சேர்ந்தாள். அதில் என்ன சொல்லித்தருகிறார்கள் என்று கேட்டதற்கு, ஒரு ஊர் தன்னிடம் இருப்பதைக் கெடுத்துக்கொள்ளாமல் எப்படி வாழ்வது என்று படிக்கிறோம் என்றாள். எங்கப்பா அதைத்தான் மண்வெட்டியோடு செய்துகொண்டிருந்தார், யாரும் பட்டம் தரவில்லை என்றேன். “அம்மா, யூ ஆர் ஸோ நெகட்டிவ்” என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பள்ளிக்கூட நாட்களில் புளிசாதம் கட்டிக் கொடுத்தால் டப்பாவைத் திறக்காமல் கொண்டுவந்தவள் இவள். வாசனைக்குப் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள் என்று அழுவாள். நானும் ரொட்டியும் சீஸும் வைக்க ஆரம்பித்தேன். இப்போது அதே பெண் ‘மரபு உணவு முறைகள்’ என்று இருபது பக்கக் கட்டுரை எழுதுகிறாள். மகிழ்ச்சியாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. என் சமையல், பேராசிரியர் சொன்ன பிறகுதான் அவளுக்குச் சோறானது.

மூன்றாம் வருடம் ஒரு பருவம் வெளிநாட்டில் போய்க் கள ஆய்வு செய்ய வேண்டும். ஒன்பது மாணவர்கள். எந்த ஊர் என்று பேச்சு வந்தபோது கயல் கையைத் தூக்கி என் ஊரைச் சொல்லியிருக்கிறாள். அவர்களின் பேராசிரியை எய்லீன் வீட்டுக்கே வந்தார். டீ குடித்தார். நல்ல மனுஷி, அதைச் சொல்லியாக வேண்டும். கேள்வித்தாளைத் தமிழாக்கித் தர முடியுமா, கூடவே வரவும் முடியுமா என்று கேட்டார். நான் இரண்டுக்கும் தலையாட்டினேன். ஆறு வருடமாக ஊர்ப்பக்கம் போகவில்லை.

இந்த முறையும் போக முடியவில்லை. மருத்துவமனையில் விடுப்பு கிடைத்தது, அந்த மட்டும் அதிசயம். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்தியர்களுக்குத் தரும் ஓசிஐ அட்டைதான் காலை வாரியது. அயர்லாந்து பாஸ்போர்ட்டைப் புதுப்பித்ததால் அதன் நகலை ஏற்ற வேண்டும். ஏற்றினால் புகைப்படத்தின் பின்னணி வெளிச்சம் சரியில்லை என்று திருப்பினார்கள். வேறு படம் போட்டேன், கையெழுத்து கட்டத்தைத் தாண்டுகிறது என்றார்கள். மூன்றாவது முறை பெயர்ப் பிரச்சினை. இது என் பழைய வியாதி. எங்கள் ஊரில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. முதன்முதலில் இங்கே வரும்போது ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்று ஏஜெண்ட் சொல்ல, அப்பா பெயரை எழுதிவிட்டேன். அன்றிலிருந்து நான் சகுந்தலா வேடியப்பன். வார்டில் ‘மிஸஸ் வேடியப்பன்’ என்று யாராவது கூப்பிட்டால் அப்பா எங்கேயாவது நிற்கிறாரோ என்று இன்றும் ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறேன். ஓசிஐ அட்டையில் பெயர் இரண்டும் ஒட்டியிருக்கிறது, பாஸ்போர்ட்டில் பிரிந்திருக்கிறது, ஆகவே விளக்கம் தேவை. விளக்கம் எழுதி முடிப்பதற்குள் பிள்ளைகள் விமானம் ஏறிவிட்டார்கள்.

3

மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது எங்கள் ஊர் வழக்கம், மலையிலேயே எல்லா ஊரிலும் இப்படித்தானா என்று எனக்குத் தெரியாது.

எங்கள் ஊரில் நிலம் வேறு, மரம் வேறு. அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்தபோது பெரியப்பாவுக்கு இரண்டு பையன்கள், ஏர் ஓட்ட நிலம் வேண்டும் என்றார். ஓடை மேற்குக் கொல்லை அவருக்குப் போனது. அப்பாவுக்கு நாங்கள் இரண்டு பெண்கள். வீட்டை ஒட்டிய துண்டு நிலத்தையும் மேற்குக் கொல்லையில் நிற்கும் புளியமரத்தையும் வாங்கிக்கொண்டார். மரம் நிற்பது பெரியப்பா மண்ணில், காய்ப்பது எங்களுக்கு. நிழலில் சாமை சரியாக வராது என்று பெரியப்பா ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. நாங்களும் அந்தக் கொல்லையில் கதிர் நிற்கும்போது காலை வைத்ததில்லை.

இதற்குக் காகிதம் ஏதும் கிடையாது. புறம்போக்கில் நிற்கிற மரத்துக்குக்கூட அரசாங்கம் 2சி பட்டா என்று ஒன்று தருகிறது. பங்காளி நிலத்தில் நிற்கிற மரத்துக்கு அதுவும் இல்லை. இருப்பது ஒரு கூடைதான். மாசியில் பழம் பழுத்ததும், குலுக்குவதற்கு முன்னால், மரத்துக்காரர் கீழே விழுந்த பழத்தைப் பொறுக்கி ஒரு கூடை நிரப்பி நிலத்துக்காரர் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவர்கள் அதை வாங்கி உள்ளே எடுத்துப் போனால், மரம் கொடுத்தவருடையது என்று அந்த வருடத்துக்கு ஒப்புக்கொண்டதாக அர்த்தம். நாலு பேர் பார்க்கப் பகலில்தான் கொடுக்க வேண்டும். முதல் கூடை என்று பெயர். அப்பா கொடுத்தார். அப்பா போன பிறகு ராணி கொடுக்கிறாள். பெரியப்பா வாங்கினார், அவர் போன பிறகு அவர் மகன் கோவிந்தசாமி வாங்கினார்.

ராணியின் கணவர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன இடத்தில் சாரம் சரிந்து இறந்துபோனார். அவளுக்கு இருப்பது அந்தத் துண்டு நிலம், ஒரு பசு, அந்த மரம். நான் எனக்கு மரத்தில் பாகம் வேண்டாம் என்று எப்போதோ சொல்லிவிட்டேன். ஆனாலும் வருடா வருடம் ஓடும் கொட்டையும் நீக்கி, உப்புப் போட்டு உருட்டி, யாராவது இந்தப் பக்கம் வந்தால் எனக்கென்று இரண்டு உருண்டை கொடுத்தனுப்புவாள். வேலூரிலிருந்து வந்த நர்சுப் பிள்ளைகள் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டு ரசம் இருபத்திரண்டு வருடமாக அந்த மரத்தால்தான் ஓடுகிறது.

இந்த இடத்தில் யாராவது என்னையும் அந்த மரத்தையும் ஒப்பிட்டு, அடுத்தவர் மண்ணில் வேர்விட்டவள் என்று உருகப் போகிறீர்கள் என்றால் தயவுசெய்து வேண்டாம். எனக்குக் கோபம் வரும். நான் மாதம் பிறந்தால் வரி கட்டுகிற மனுஷி.

4

ராணியை அன்றே கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஞாயிறும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை காலை நான் வேலைக்குச் செருப்பு மாட்டும் நேரத்தில் அவளே கூப்பிட்டாள்.

“க்கா, ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. நீ எழுதிக் குடுத்தியா?”

“இன்னா எழுதிக் குடுத்தேன்?”

“மரம் கோயிந்தண்ணனுதுன்னு.”

“உனக்கு இன்னா பைத்தியமா? நான் எதுக்குடி எழுதறேன்?”

“படத்துல அடியில உன் பேரு போட்டுகீது. ஊர் ஆலோசனை, சகுந்தலா வேடியப்பன், அயர்லாந்துன்னு. அண்ணன் எல்லாரையும் கூட்டி வெச்சிப் படிச்சிக் காட்னாரு. ‘நான் சொல்லலப்பா, மூத்தவளே வெளிநாட்லருந்து எழுதி அனுப்பிகீறா, சித்தப்பா பேரும் சேத்துப் போட்டுகீறா’ன்னு. ஆலங்காயத்து யாவாரிக்கு மரத்தைக் குத்தகைக்கு விட்டுட்டாரு. வெள்ளிக்கெழம குலுக்க வர்றாங்களாம்.”

கயல் அனுப்பிய படத்தில் ஃப்ளெக்ஸின் அடிப்பகுதி வெட்டுப்பட்டிருந்தது. நான் பார்க்கவே இல்லை.

“ஊர்ல கூட்டம் போட்டு எல்லாரையும் கேட்டோம்னு கயல் சொன்னாளே. நீ அங்க போய்ச் சொல்ல வேண்டியதுதான?”

“செவ்வாக்கெழம வெச்சாங்க க்கா. சந்த நாளு. நான் ஜமுனாமரத்தூர்ல கீறேன். பாதிப் பொம்பளைங்க அங்கதான் இருந்தாங்க.” பின்னால் கத்திய பசுவை அதட்டிவிட்டுச் சொன்னாள். “பாப்பா மேல தப்பு இல்ல. அதுக்கு இன்னா தெரியும்? உனக்குத் தெரியுமில்ல க்கா.”

அதைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். நான் ஒரு காலில் செருப்போடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். அன்று வேலைக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனேன், இருபத்திரண்டு வருடத்தில் மூன்றாவது முறை.

மதிய இடைவேளையில் கோவிந்தசாமி அண்ணனைக் கூப்பிட்டேன்.

“சொல்லும்மா சகுந்தலா, நல்லா கீறீங்களா? பாப்பா தங்கமான பாப்பா. எங்க வூட்ல வந்து களி சாப்ட்டுச்சு, சாமக்கஞ்சி குடிச்சிச்சு. வெள்ளக்காரப் பசங்களும் குடிச்சிச்சிங்க.”

“அண்ணா, அந்த மரம் யாருதுன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“இன்னாத்துக்கும்மா நமக்குள்ள? நானா எழுதினேன்? படிச்சவங்க நீங்க எழுதனீங்க. காலேஜி போட்ட படம். ஆபீசருங்க வந்து போட்டோ புடிச்சிட்டுப் போய்ட்டாங்க. இப்பப் போய் நான் அது தப்புன்னு சொன்னா உங்களுக்கு மரியாதையா இருக்குமா?”

என் மரியாதையைக் காப்பாற்றத்தான் என் தங்கையின் மரத்தை எடுத்துக்கொள்கிறாராம். இவரோடு சின்ன வயதில் ஒரே தட்டில் பலாச்சுளை தின்றிருக்கிறேன்.

5

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எய்லீனைத் திட்டலாம், கயலைத் திட்டலாம், கோவிந்தசாமி அண்ணனைத் தாராளமாகத் திட்டலாம். ஆனால் ராணி சொன்னதுதான் சரி.

கேள்வித்தாளைத் தமிழாக்கும்போதே எனக்குத் தெரியும். நிலம், மரம், கிணறு எதுவானாலும் ‘உரிமையாளர்’ என்று ஒரே ஒரு கட்டம் இருந்தது. எங்கள் ஊரில் மரத்துக்கு ஒருவர், மண்ணுக்கு ஒருவர் இருப்பார், இரண்டு கட்டம் வேண்டும் என்று எய்லீனுக்கு எழுதினேன். மிக அருமையான தகவல், நன்றி, ஆனால் செயலியில் ஒரு கட்டத்துக்குத்தான் இடம் இருக்கிறது, குறிப்பு என்ற பகுதியில் சேர்த்துக்கொள்கிறோம், குழப்பம் வந்தால் எந்தப் பெயரைப் போடுவது என்று நீங்களே சொல்லுங்கள் என்று பதில் வந்தது. அன்று எனக்குத் தொடர்ந்து மூன்றாவது நீண்ட ஷிப்ட். பேருந்தில் நின்றுகொண்டே பதில் அடித்தேன்: ‘குழப்பம் வந்தால் பட்டாவில் உள்ள பெயரைப் போடுங்கள்.’

நான்தான் எழுதினேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. எங்கள் ஊரில் இருக்கும் எந்தக் கிழவனும், எழுதப் படிக்கத் தெரியாத எந்தப் பெண்ணும் இந்தப் பதிலைச் சொல்லியிருக்க மாட்டார்கள். காகிதத்தில் இருப்பதே கடைசி என்று நம்புவதற்கு இருபத்திரண்டு வருடம் வெளிநாட்டில் இருந்திருக்க வேண்டும். குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பாவை அடைத்து வைத்துவிட்டு இன்றுவரை விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறவள், அடுத்த கட்டத்தைப் பார்த்ததும் உஷாராகியிருக்க வேண்டாமா?

கயலைக் கூப்பிட்டேன். அவர்கள் ஜமுனாமரத்தூரில் ஒரு விடுதியில் தங்கியிருந்தார்கள். பின்னால் யாரோ கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

“அம்மா, டேட்டா கரெக்ட்தான். பட்டாவுல கோவிந்தசாமி மாமா பேர்தான் இருக்கு. நாங்க செக் பண்ணோம்.”

“மரம் சித்தியோடது, கயல்.”

“அப்டின்னா அவங்க மீட்டிங்ல சொல்லி இருக்கணும். பார்ட்டிசிபேஷன் எல்லாருக்கும் ஓப்பன்தானே?”

“சந்தை நாள்ல மீட்டிங் வச்சா யாருடி வருவா? சித்தி சந்தைக்குப் போகலன்னா அந்த வாரம் வீட்டுல உப்பு இருக்காது.”

“எங்களுக்கு யாரும் சொல்லலையே.” குரல் இறங்கியது. “நீயும் சொல்லலம்மா.”

நான் கத்தினேன். அவளும் கத்தினாள், பாதி தமிழில் ஆரம்பித்து முழு ஆங்கிலத்தில் முடித்தாள். சண்டை என்று வந்தால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு மொழியில் போய் உட்கார்ந்துகொள்வோம். எனக்கு ஆங்கிலத்தில் கோபப்படத் தெரியாது. நோயாளிக்கு எங்கே வலிக்கிறது, பத்துக்கு எவ்வளவு வலிக்கிறது என்று கேட்கத்தான் இருபத்திரண்டு வருடமாக அந்த மொழியைப் பழகியிருக்கிறேன். அவளுக்குத் தமிழ்ப்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமைகளில் வாழ்த்துக் கடிதம் எழுதத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அம்மாவோடு சண்டை போடும் தமிழை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை எய்லீனோடு காணொளியில் பேசினேன். அவர் அப்போது கல்லூரிக்குத் திரும்பியிருந்தார். வாயைத் திறந்தாலே “ஸாரி” என்றுதான் எனக்கு ஆரம்பமாகிறது. ஸாரி, ஒரு பெயரை மாற்ற வேண்டும். ஸாரி, வெள்ளிக்கிழமைக்குள். எய்லீன் கண் கலங்காத குறையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: ஆய்வுத் தரவுகளைப் பூட்டியாகிவிட்டது. திறக்க வேண்டும் என்றால் நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். குழு அடுத்த மாதம் கூடும். ஃப்ளெக்ஸை எடுக்கலாம் என்றால் அது இப்போது ஊர்ச் சொத்து, ஊரின் ஒப்புதல் இல்லாமல் மாணவர்கள் கை வைக்கக் கூடாது. மாட்டும்போது எந்தச் சந்தை நாளில் ஒப்புதல் வாங்கினீர்கள் என்று கேட்க நினைத்தேன். “தட்ஸ் கிராண்ட், தேங்க் யூ” என்று சொல்லித் திரையை அணைத்தேன். பரவாயில்லை என்று அர்த்தம், இந்த நாட்டில் எதற்கும் அதுதான் வாயில் வருகிறது.

ராணிக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன். நான் எழுதியது உண்மை, பட்டா பேர் போடச் சொன்னேன், மரத்தை நினைக்கவில்லை, என் தப்புதான் என்று. இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை. கயலுக்கும் அதையே தமிழில் எழுதி அனுப்பினேன்.

6

வெள்ளிக்கிழமை நடந்ததை நான் பார்க்கவில்லை. அன்று நான் வார்டில் ஒரு முதியவருக்குச் சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தேன். இடைவேளையில் கயல் பேசினாள். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள். அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன், அங்கங்கே மட்டும் சரிசெய்திருக்கிறேன்.

“அம்மா, நான் காலைல ஆறு மணி பஸ்ல ஊருக்குப் போயிட்டேன். தனியா. யார்கிட்டயும் பர்மிஷன் கேக்கல. சித்தி வீட்டுல இல்ல. மரத்தடியில இருந்தாங்க. கூடை ஃபுல்லா பழம் பொறுக்கி வச்சிருந்தாங்க. நான் ஸாரி சித்தின்னு சொன்னேன். அவங்க கூடையைத் தூக்கிவிடுன்னு சொன்னாங்க. தூக்கிவிட்டேன். வெயிட்டா இருந்துச்சும்மா.”

“கோவிந்தண்ணன் வீட்டுக்குப் போனாளா?”

“இல்ல. முதல்ல சமுதாயக்கூடம். அங்க யாவாரி ஆளுங்க டெம்போல வந்து நிக்கிறாங்க. மாமாவும் இருந்தாங்க, ஊர்ல நிறையப் பேரும் இருந்தாங்க. சித்தி கூடையைக் கீழ வச்சிட்டு இடுப்புல இருந்து அருவாள எடுத்தாங்க. நான் பயந்துட்டேன். அவங்க ஃப்ளெக்ஸ்கிட்ட போய் அடியில உன் பேர் இருக்குற இடத்துல வச்சு அறுக்கப் பாத்தாங்க. அது லூஸா ஆடுச்சு, அறுபடல. என்னைத் திரும்பிப் பாத்தாங்க.”

“நீ இன்னா பண்ண?”

“நான் ரெண்டு கையால இழுத்துப் புடிச்சேன். சித்தி அறுத்தாங்க.”

மூன்று மாதம் அவள் செய்த வேலை அந்த ஃப்ளெக்ஸ். ஊரின் ஒப்புதல் இல்லாமல் கை வைக்கக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிள்ளை. இழுத்துப் பிடித்தாளாம்.

அறுத்த துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு ராணி எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லியிருக்கிறாள்: “எங்கக்கா சொன்னான்னுதான அண்ணா சொன்னீங்க? தோ, எங்கக்கா பேர எடுத்துட்டேன். இப்ப சொல்லுங்க, மரம் யாருதுன்னு யார் சொன்னது?” கோவிந்தசாமி அண்ணன், அருவாள் வைத்திருக்கிறவளிடம் என்ன பேசுவது என்று சொல்லி வீட்டுக்கு நடந்துவிட்டார். ராணி கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். அவள் பின்னால் என் மகள், அவள் பின்னால் பாதி ஊர்.

வாசலில் கூடையை வைத்திருக்கிறாள். அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஐந்து நிமிடமாவது இருக்கும் என்றாள் கயல். அப்போது உள்ளேயிருந்து அண்ணி வந்தார். அவருக்கு ஃப்ளெக்ஸும் தெரியாது, குத்தகையும் தெரியாது, அல்லது எல்லாமே தெரியும், எனக்கு இன்றுவரை புரியவில்லை. “இந்த வருசம் இன்னாடி இவ்ளோ லேட்டு?” என்று கேட்டுக்கொண்டே, வருடா வருடம் செய்வதுபோல, கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்து உள்ளே போய்விட்டார்.

“மாமா எழுந்து கத்துனாங்கம்மா. ஆனா கூடை உள்ள போயிடுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் டெம்போ போயிடுச்சு.”

“அப்புறம்?”

“நானும் சித்தியும் மறுபடி சமுதாயக்கூடத்துக்குப் போனோம். செலோ டேப் இருக்கான்னு கேட்டாங்க, பேக்ல இருந்து குடுத்தேன். அந்தத் துண்டுல இருந்து தாத்தா பேர மட்டும் தனியா வெட்டுனாங்க. மேப்ல மரத்துப் பக்கத்துல, மாமா பேர் மேல ஒட்டிட்டாங்க.”

அடியில் இருந்த எழுத்து பெரியது. அதனால் ஊரிலேயே பெரிய பெயராக ‘வேடியப்பன்’ அந்தப் பச்சைப் புள்ளிக்குப் பக்கத்தில் நிற்கிறது. படம் அனுப்பியிருந்தாள். டேப் கோணலாக இருந்தது.

7

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று ரவி சொல்கிறார். எதுவும் முடியவில்லை. கல்லூரியின் இணையதளத்தில் அந்த வரைபடம் இன்னும் கோவிந்தசாமி பெயரோடுதான் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் தரவிறக்கலாம். அடுத்த வருடம் அவர் அதைப் பிரதி எடுத்து ஏதாவது அலுவலகத்துக்குக் கொண்டுபோனால் அண்ணி அங்கே கூடை தூக்க மாட்டார். திருத்தம் கேட்டு நான் போட்ட விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது: உங்கள் கோரிக்கை பதிவாகியுள்ளது, விண்ணப்பதாரருக்கும் சொத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் ஆவணத்தை இணைக்கவும். என்ன ஆவணத்தை இணைப்பது? ஒரு கூடையையா? நானும் விடுவதாக இல்லை. வாரம் ஒரு மின்னஞ்சல் போடுகிறேன், ‘ஸாரி’ இல்லாமல் ஆரம்பிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

கயல் தன் அறிக்கையில், உரிமையாளர் கட்டத்தைப் பற்றி ஒரு முழு அத்தியாயம் எழுதுகிறாளாம். மதிப்பெண் குறையும் என்று எய்லீன் எச்சரித்தாராம். குறையட்டும் என்றாளாம். எங்கள் ஊர்ப்பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். யாராவது பிள்ளைகள் போனில் கட்டம் கட்டமாக வைத்துக்கொண்டு உங்கள் வாசலுக்கு வந்தால் களி போடுங்கள், கஞ்சி கொடுங்கள். ஒரே ஒரு கட்டம் வைத்திருந்தால் மட்டும் திருப்பி அனுப்புங்கள்.

போன வாரம் கயல் வந்து சேர்ந்தாள். மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. பெட்டியைக் கூடத்திலேயே திறந்து போட்டாள். சாமை அரிசி இரண்டு கிலோ, தேன் ஒரு பாட்டில், கடுக்காய், அண்ணி கொடுத்த பலாக்கொட்டை. நான் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே அடியைத் தடவினேன்.

“புளி எங்கடி?”

“சித்தி புளி குடுக்கலம்மா.”

“மறந்துட்டாளா?”

“இல்ல. நான் கேட்டேன். மரம் குலுக்கிட்டு இருக்கோம், அப்புறம் பாக்கலாம்னாங்க.” என் முகத்தைப் பார்க்காமல் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தாள். “இதக் குடுத்தாங்க. உன்கிட்டயே குடுத்துடச் சொன்னாங்க.”

சுருட்டி ரப்பர் பேண்ட் போட்ட ஒரு சிறிய துண்டு. உள்ளே ஒரு விரல் அளவாவது புளி வைத்திருப்பாள் என்று பிரித்தேன். ஒன்றும் இல்லை. ஃப்ளெக்ஸ் மட்டும்தான், அப்பா பெயரை வெட்டி எடுத்தது போக மிச்சம். ஓரம் அருவாள் அறுத்த கோணலில் இருந்தது.

மாலையில் ரவி வேலை முடிந்து வந்தார். ஆலங்காயத்துக்காரர், சீருடையைக் கழற்றும்போதே அடுப்படியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பவர். அன்று கடையில் வாங்கிய தாய்லாந்துப் புளியில் ரசம் வைத்திருந்தேன். மேசையில் அந்தத் துண்டு விரிந்து கிடந்தது. அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா இது?”

“என் பேரு,” என்றேன்.